பிரதம அதிதி பெனடிக்

என் அத்தான் பெனடிக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்முனைப் பக்கம் எந்த மண்டபத்தில் எந்த விழா நடந்தாலும், மேடையில் இடது பக்கத்து ஓரமாக, நீளக்கை வெள்ளைச் சேர்ட்டுடன், இரண்டு முழங்காலிலும் கைகளை ஊன்றிக்கொண்டு ஒருவர் இருப்பார். பத்திரிகையில் வரும் படத்தில் அவருடைய முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பாதி முகம்தான் எங்கள் அத்தான்.

நான் செல்லத்தங்கம். அவருடைய மனைவி சகாயம்மா என்னுடன் கூடப்பிறந்த அக்கா. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நான் சொல்வதில் பொய் இருந்தால் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசுவாள். இதுவரை ஏசவில்லை.

அத்தான் உப தபாலதிபராக இருந்து பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்தால் மற்ற மனிசர்கள் வயலைப் பார்ப்பார்கள், கடற்கரையில் நடப்பார்கள், குறைந்தபட்சம் வீட்டில் இருந்து பெண்சாதியோடு சண்டையாவது பிடிப்பார்கள். இவர் அதிதியானார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு விழா என்றால் பார்க்க ஆட்கள் வருகிறார்களோ இல்லையோ, மேடையில் அதிதிகள் இருந்தாக வேண்டும். பிரதம அதிதி ஒருவர். அவருக்குக் கீழே கௌரவ அதிதிகள். கௌரவத்தில் இடம் போதாவிட்டால் சிறப்பு அதிதிகள். அங்கேயும் நிரம்பிவிட்டால் விசேட அதிதிகள். சிறப்புக்கும் விசேடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு விளங்காது மச்சாள்” என்றார். அவருக்கும் விளங்காது என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

காரைதீவில் அன்னதானம், கல்முனைக்குடியில் மருந்துக்கடைத் திறப்பு, தம்பிலுவிலில் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றிலும் அவர் இருந்தார். போகும் இடமெல்லாம் பொன்னாடை போர்த்தி அனுப்புவார்கள். அக்கா அந்தப் பொன்னாடைகளில் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போட்டாள், ஒன்றை டிவிக்குப் போட்டாள், ஒன்றை எனக்குத் தந்தாள், என் தையல் மெசினுக்கு. மழை பெய்தால் கோழிக்கூட்டுக்கு மேலும் ஒன்று கிடக்கும். எங்கள் ஊரிலேயே சரிகை போர்த்துத் தூங்குகிற கோழிகள் அக்காவின் கோழிகள்தான்.

ஆனால் பாருங்கள், பிரதம அதிதியாக மட்டும் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. அது அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்த கதிரை. அத்தான் அதை எத்தனையோ மேடைகளில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். பசித்த பிள்ளை பேக்கரிக் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி இருக்கும், அவர் அதைப் பார்ப்பது.

போன மார்கழியில் அந்தக் கதிரை அவருக்குக் கிடைத்தது.

மார்கழி என்றால் எங்களுக்கு மழையும், கிறிஸ்து பிறந்த நாளான நத்தாரும் ஒன்றாகத்தான் வரும். வாசலில் தண்ணீர் நிற்கும், அதற்கு மேலே கடதாசி நட்சத்திரம் தொங்கும். கேக்குக்கு அடித்த மாவைத் தட்டுகளில் ஊற்றி, பொலித்தீனால் மூடி, குடை பிடித்துக்கொண்டு கல்முனைக்குடி பேக்கரிக்குக் கொண்டு ஓடுவோம். அங்கே போறணையில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே நடக்கிற சண்டையில் மெதடிஸ்தும் கத்தோலிக்கமும் ஒன்றாகிவிடும். இந்த அமளிக்குள்தான் ஒளிவிழாவும் வரும். நத்தாருக்கு முன்னால் பிள்ளைகளுக்காக வைக்கிற விழா அது. பாட்டு, நடனம், கடைசியில் பாலன் பிறப்பு நாடகம். பிள்ளைகளுக்காக என்று சும்மா சொல்கிறோம். பிள்ளைகள் இல்லாமலும் அந்த விழாவை நடத்தலாம், அதிதி இல்லாமல் நடத்த முடியாது.

இந்த முறை நாடகத்தில் மாதாவாக நடிக்க அத்தானின் பேத்தி கிருஷிகாவைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நாடகம் பழக்கிய வினோஜா ரீச்சர் வீட்டுக்கே வந்து சொன்ன நாளிலிருந்து பிள்ளைக்குக் கால் நிலத்தில் படவில்லை. நீலத் துணி வாங்கி, முக்காடும் சேர்த்து, நான்தான் தைத்துக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து, பொம்மைப் பாலனைத் தூக்கி வைக்கோலில் கிடத்துவதைப் பார்த்தால், என்னைப் போல வாய்க்காரிக்கும் கண் கலங்கும். கலங்கியது, அதை ஏன் மறைப்பான்.

அவளுடைய தகப்பன், அத்தானின் மகன் அஜந், கத்தாரில் கட்டட வேலை. பிள்ளை நடக்கத் தொடங்கியதையும் அவன் போனில்தான் பார்த்தான், பள்ளிக்கூடம் போனதையும் போனில்தான் பார்த்தான். நாடகம் என்றதும், மேற்பார்வையாளனிடம் கெஞ்சி, வெள்ளிக்கிழமை லீவில் வேலை செய்து தருகிறேன் என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் வாங்கியிருந்தான். அவனுடைய மனைவி டிலக்சினி முன்வரிசையில் இருந்து போனைப் பிடிப்பதாக ஏற்பாடு. “அப்பா பாப்பார்தானே?” என்று அந்தப் பிள்ளை என்னிடமே எத்தனை முறை கேட்டிருப்பாள். “ஓம் மகள், பாப்பார்” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒளிவிழாக் குழுவின் செயலாளர் ஜெப்றி குடையோடு வந்தான். நானும் அந்த நேரம் அக்காவின் குசினியில் இருந்தேன்.

“சேர், ஒரு சின்னச் சிக்கல். பிரதம அதிதி வரமாட்டாராம். அம்பாறையில வேற கூட்டமாம்.”

“அதுக்கு நான் என்ன தம்பி செய்ய?” என்று கேட்டுக்கொண்டே அத்தான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“நீங்கதான் சேர் வந்து இருக்கணும்.”

“சீச்சீ! எனக்கென்னத்துக்குத் தம்பி இந்தப் பதவியெல்லாம். வேற ஆரையும் பாருங்களன்.”

ஜெப்றி ஒரு அப்பாவி. சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். “அப்ப மீராமுகைதீன் ஹாஜியாரக் கேட்டுப் பாப்பமா சேர்?”

மீராமுகைதீன் ஹாஜியார் தளபாடக் கடைக்காரர். விழாவுக்கு விழா தன் கடையிலிருந்து பெரிய சோபாவை மேடைக்கு இரவல் தருகிறவர். சோபா வந்தால் அவரும் கௌரவ அதிதியாக வருவார்.

“பாவம், அவருக்குக் கடை இருக்கு. அவரை ஏன் கரைச்சல் படுத்துவான்?” என்றார் அத்தான் அவசரமாக. “நீங்க இவ்வளவு தூரம் வருந்திக் கேட்ட பிறகு மாட்டன் எண்டு சொல்றதும் சரியில்ல.”

“ஒருக்காத்தானே கேட்டவன்?” என்றாள் அக்கா, வெங்காயம் வெட்டியபடி.

அத்தான் ஒரு படி ஏறினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சிறப்பாக இருந்தவர் கௌரவத்துக்கு ஏறினார், விசேடமாக இருந்தவர் சிறப்புக்கு ஏறினார். காலியான விசேடத்துக்குப் புதிதாக ஆட்கள் பிடித்தார்கள். விட்டால் மனம் நோகும் என்று குழுவில் எல்லோருக்கும் ஒவ்வொரு அதிதிப் பட்டம் கொடுத்தார்கள். மேடை நிரம்பியது. பாலன் குடிலுக்கென்று பிள்ளைகள் ஒட்டி வைத்த கடதாசி மாடும் கழுதையும் சோபாவுக்குப் பின்னால் போய், காதுகள் மட்டும் தெரிந்தன.

வினோஜா ரீச்சர் நாடகத்தை முன்னுக்குப் போடச் சொல்லிக் கெஞ்சினார். ஜெப்றி மறுத்துவிட்டான். “நாடகத்த முன்னுக்குப் போட்டா, பிள்ளைகளிட தாய் தகப்பன் எல்லாம் பாத்துப்போட்டு எழும்பிப் போயிரும் ரீச்சர். பிறகு பேச்ச ஆருக்குக் கதைக்கிற?” என்றான். பிள்ளைகளைப் பிணையாக வைத்துத்தான் எங்கள் ஊரில் பேச்சுக் கேட்கவைக்கிறார்கள்.

நான் நேராக அத்தானிடம் போனேன். “அத்தான், அஜந்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. உங்கட பேச்சச் சுருக்கமா முடிச்சிருங்க.”

“ரெண்டு சொல்லு மச்சாள். ரெண்டே ரெண்டு சொல்லு. என்ட பேத்திட நாடகத்த நானே கெடுப்பனா?”

அவர் அதை மனமாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிற விசயம்.

விழா அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். எங்கள் கோயில் மண்டபம் அத்தானின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மனிசன் எல்லோருக்கும் முன்னால் போய் மேடையில் ஏறிச் சோபாவில் இருந்துவிட்டார், கதிரையே அடுக்கி முடியவில்லை. பிரதம அதிதியை வாசல் படலையில் வைத்து பாண்ட் வாத்தியத்தோடு அழைத்துவர வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவரை எப்படி அழைப்பது என்று ஜெப்றி தலையைச் சொறிந்தான். அதற்காக அத்தான் எழும்பி வீட்டுக்குத் திரும்பி வந்தார். வாகனத்தில் வந்து இறங்கினால்தான் வரவேற்பு எடுபடும் என்று ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோ அவ்வளவு கிட்ட ஓட மாட்டேன் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதுவரை பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு மங்கள விளக்கு. திரி ஐந்துதான், அதிதிகளோ மேடை கொள்ளவில்லை. ஒருவர் ஏற்றியதை மின்விசிறி அணைக்கும், அடுத்தவர் அதையே ஏற்றுவார். இந்தக் கணக்கில் எல்லோருக்கும் திரி போதுமாக இருந்தது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. விசேடங்கள் எல்லாம் பேசின. சிறப்புகள் பேசின. பிள்ளைகள் பக்கத்து விறாந்தையில், கூரை ஒழுகாத மூலையாகப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். கிருஷிகா பொம்மையை முக்காட்டுக்குள் வைத்து நனையாமல் பிடித்திருந்தாள். முன்வரிசையில் டிலக்சினி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். சின்னத் திரைக்குள் அஜந், மஞ்சள் தொப்பியோடு, ஒரு சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக அத்தான் எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

“இந்நிகழ்வுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் கௌரவ அதிதிகளே…”

ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, பழைய உத்தியோகம் சொல்லி விளித்தார். மேடையில் அவ்வளவு பேரையும் ஏற்றிய புண்ணியத்துக்கு அந்த விளிப்பு முடியவே நேரம் போதாது. முடித்து, “இன்றைய நாளிலே” என்று பேச்சுக்குள் இறங்கினார். ரெண்டு சொல்லு ரெண்டாயிரமாகி, தபால் கந்தோரில் அவர் பட்ட பாடெல்லாம் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவரைக் கிள்ள முடியாத ஆத்திரம்.

நல்ல வேளையாகப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு சொன்னால் எங்கள் ஊரில் எந்த விழாவும் நிற்கும். ஒலிபெருக்கிக்காரர் பளீல் உடனே மைக்கை மூடினார். அத்தானும் கைகட்டி, தலைகுனிந்து, மரியாதையாக நின்றார். சபையே பெருமூச்சு விட்டது. விட்ட இடத்தில் விட்டுவிட்டு இறங்கிவிடுவார், நாடகம் தொடங்கிவிடும் என்று வினோஜா ரீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டினார். மீராமுகைதீன் ஹாஜியார் சத்தமில்லாமல் எழும்பி, படியால் இறங்கிப் போனார். பாங்கு முடிய, பளீலும் மைக்கைத் திறந்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

கல்முனையில் பிறந்து, கல்முனையில் நரைத்த மனிசனுக்கு, பாங்கு நேரம் ஹாஜியார் எழும்பினால் தொழப் போகிறார் என்று தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அத்தானுக்கு அந்த நேரம் இருந்தது அதிதி மூளை. அதிதி ஒருவர் இடையில் எழும்பிப் போனால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், மரியாதைக் குறைவு. சோபாவில் காலியான இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது. தன் விளிப்பில் ஹாஜியாரின் பெயரை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உண்மையாகவே விட்டுத்தான் இருந்தார்.

மனிசன் இறங்கவில்லை. ஹாஜியார் திரும்பி வரும்வரை மைக்குக்கு முன்னால் நின்று, மழையைப் பற்றிப் பேசினார். வாய்க்காலைப் பற்றிப் பேசினார். ஜெப்றி பின்னால் நின்று சேர்ட்டை இழுத்துப் பார்த்தான், பலன் இல்லை. ஹாஜியார் தொழுதுவிட்டு, நனைந்த தொப்பியைத் துடைத்துக்கொண்டு, பாவம், எதுவும் தெரியாமல் வந்து சோபாவில் இருந்தார். அத்தானின் முகம் மலர்ந்தது.

“பெருமதிப்புக்குரிய மீராமுகைதீன் ஹாஜியார் அவர்களே!” என்று முதலாவதாக அவரை வைத்து, திரும்பவும் முதலிலிருந்து எல்லோரையும் விளிக்கத் தொடங்கினார்.

ஆண்டவரே! எனக்கு அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது. கழற்றவில்லை. கோயில் மண்டபம், அவர் அக்காவின் புருசன், எல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது.

விளிப்பு பாதி போகையில் மழை இறங்கிக் கொட்டியது. ஒழுங்கையில் தண்ணீர் ஏறப் போகிறது என்று சனம் குசுகுசுத்தது. யோசேப்பாக நடிக்க இருந்த பொடியனின் தகப்பன் ஆட்டோக்காரர். அவர் விறாந்தைக்கு வந்து, ஒட்டுத்தாடி வைத்திருந்த மகனை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யோசேப்பு போனதும் இடையர்கள் போனார்கள். வானதூதர் இருவரும் அதிதிகளுக்கு வைத்த ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டார்கள், இறக்கையில் எண்ணெய். வினோஜா ரீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

அத்தான் முடித்தார். கைதட்டினோம். முடித்ததற்காகத் தட்டினோம். உடனே பொன்னாடை, உடனே நினைவுச்சின்னம், ஒவ்வொரு அதிதிக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அதன் பிறகு ஜெப்றி மைக்கை எடுத்தான்.

“நேரமின்மை காரணமாகப் பாலன் பிறப்பு நாடகம் கைவிடப்படுகின்றது. அடுத்ததாக நன்றியுரை.”

நன்றியுரைக்கு நேரம் இருந்தது.

ஆட்கள் கலைந்தார்கள். ஹாஜியார் குடையை விரித்துக்கொண்டே அத்தானிடம் வந்தார். “என்ன சேர், நான் தொழத்தானே போன? என்ட பேர் என்னத்துக்கு இப்ப? அந்தச் சின்னப் புள்ளையளிட நாடகத்தப் போட உட்டிருக்கலாமே” என்றார். அத்தான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். மனிசனுக்கு அன்றைக்கு எதுவும் ஏறாது. பொன்னாடை தோளில் மினுங்க, இறங்கி வந்து நேராக டிலக்சினியிடம் போனார்.

“அஜந் பாத்தவனா?”

“பாத்தார் மாமா. பிறகு லைன் போயிற்று. வொய்ஸ் ஒண்டு அனுப்பியிருக்கார்.”

“போடு, போடு. எல்லாரும் கேக்கட்டும்” என்று அவரே போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, உயர்த்திப் பிடித்தார். ஜெப்றி நின்றான், பளீல் வயர் சுருட்டிக்கொண்டு நின்றார், அக்கா நின்றாள், நானும் நின்றேன். வினோஜா ரீச்சர், நனைந்த நீலத் துணியை மடித்துக்கொண்டு நின்றார்.

அஜந்தின் குரலுக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

“அப்பா, நேரம் முடிஞ்சி போச்சு, கூப்பிடுறானுகள், நான் போறன். உங்கட பேச்சு முழுக்கக் கேட்டன். ரெண்டு தரம் கேட்டன். நல்லாக் கதைச்சீங்க. பிள்ளயத்தான் காணக் கிடைக்கல்ல. பரவாயில்ல, கோவமில்ல. மாதா உடுப்புல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் எடுத்துப் போடுங்க அப்பா. இரவைக்குப் பாக்கிறன்.”

அத்தான் போனைப் பிடித்த கை மேலேயே நின்றது. பிறகு அவர் படம் எடுத்த ஸ்ரூடியோப் பொடியனைத் திரும்பிப் பார்த்தார். “பிள்ளையள ஒண்டும் எடுக்கல்ல சேர். மேடையத்தான் எடுக்கச் சொன்னீங்க” என்றான் அவன்.

கிருஷிகா சுவரோரம் தன் பழைய சட்டையோடு, ஈரத்தலையோடு இருந்தாள். பொம்மை பக்கத்தில் ஒரு கதிரையில் குப்புறக் கிடந்தது. அத்தான் போய் அவளுக்கு முன்னால் குந்தினார். அவர் குந்தி நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

“மகள், அந்த உடுப்ப ஒருக்காப் போடுங்க. அப்பாவுக்கு ஒரு போட்டோ எடுப்பம். பாலனையும் கையில வச்சிக்கொண்டு.”

பிள்ளை அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், அலுப்புத்தான் இருந்தது.

“வேணாம் அப்பப்பா” என்றாள். “பாலன் இன்னும் பொறக்கவே இல்லையே.”